மருமகனுக்குக் களி

"அடுத்தமுறை நான் வரேக்கை வாயுக்கை கம்பி இருக்கும். பாத்துப்போட்டுப் பயப்பிடாதையும்."

"கம்பியோ? என்ன கம்பி?"

"பல்லுக்குத்தான். மேல்பல்லு கீழ்ப்பல்லின்ரை முரசிலை, அந்தச் சதையிலை, வெட்டுதாம். இப்பிடியே விட்டால் நாப்பது வயதுக்கு முன்னம் முன்பல்லெல்லாம் கழண்டிடுமெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். ரெண்டு வருசம் கம்பி போட்டு இழுக்க வேணுமாம்."

"ரெண்டு வருசமோ! அப்ப என்னத்தைச் சாப்பிடுவியள்?"

"எல்லாம் சாப்பிடலாமாம். கடிக்கக் கூடாதாம். அவ்வளவுதான்."

தைப்பொங்கல் லீவு முடிந்து குலசிங்கம் கொழும்புக்குப் புறப்பட்ட காலையில், சரவணை என்ற தீவு ஊரிலுள்ள மாமனார் வீட்டுப் படலையடியில் நின்று புருசனும் பெண்சாதியும் பேசிய பேச்சு இது. யோகாம்பிகைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடிக்காமல் எல்லாம் சாப்பிடலாம் என்றால், நனையாமல் முழுகலாம் என்பது போலல்லவா இருக்கிறது! அவள் சிரிக்க, அவனும் சிரிக்க, பஸ் வந்துவிட்டது. இந்தமுறை கட்டாயம் கேட்டே தீருவது என்று ஒரு கிழமையாக மனதுக்குள் கோத்து வைத்திருந்த ஒன்று, சிரிப்போடு சிரிப்பாகத் தொண்டைக்குக் கீழே இறங்கிப் போயிற்று.

அவள் கேட்க நினைத்தது மலையைப் புரட்டுகிற காரியம் ஒன்றுமில்லை. தன்னையும் கொழும்புக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்பது. அவ்வளவுதான். கலியாணமாகி மூன்று வருடம். மகள் வதனிக்கு இரண்டு வயது நெருங்குகிறது. ஆனால் கணவனோடு ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைச் சேர்த்துப் பார்த்தால் நூறு தேறாது.

கலியாணப் பேச்சு நடந்தபோதே அவளுடைய தகப்பன் அப்புத்துரை மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் அடித்துச் சொல்லிவிட்டார். "எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. வீடும் வளவும் அவளுக்கு. மருமோன் எந்த ஊரிலை உத்தியோகம் பாத்தாலும் பிள்ளை எங்களோடைதான் இருப்பாள்." மாப்பிள்ளையின் தாய் இலட்சுமிப்பிள்ளை அதற்கென்ன என்று தலையாட்டினாள். குலசிங்கம் "ஓம்" என்றான். அவன் எல்லாவற்றுக்கும் "ஓம்" என்கிறவன். யோகாம்பிகையிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஊரில் அது புதினமுமில்லை. புருசன் தெற்கே கடையிலோ கந்தோரிலோ, பெண்சாதி தீவில், வருடத்துக்கு மூன்று லீவு, கிழமைக்கு ஒரு கடிதம். அந்த ஒழுங்கையில் பத்து வீட்டில் ஆறு வீடு அப்படித்தான் ஓடியது.

கடிதத்தில் கேட்டுவிடலாம் என்று எத்தனை தரம் எழுத உட்கார்ந்திருக்கிறாள்! 'உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்' என்பது வரைக்கும் பேனை நன்றாக ஓடும். அதற்குப் பிறகு, 'சிவப்பிப் பசு நாகு கன்று போட்டிருக்கிறது, வேறு விசேடம் இல்லை' என்று கடிதம் தானாக முடிந்துவிடும்.

ஆனி மாதம், எழுபத்தெட்டாம் ஆண்டு, குலசிங்கம் பத்து நாள் லீவில் வந்து இறங்கினான். படலையைத் திறந்தவனைப் பார்த்ததும் யோகாம்பிகைக்கு முதலில் கம்பி தெரியவில்லை, கழுத்துத்தான் தெரிந்தது. சேட்டுக் கொலருக்குள் இன்னொரு கழுத்து நுழையலாம் போலக் கிடந்தது. பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை. அவன் சிரித்த பிறகுதான் மேலும் கீழுமாகப் பல்லுக்குப் பல்லு தகடு சுற்றி, குறுக்கே கம்பி ஓடியது பளிச்சென்று தெரிந்தது. வதனி தகப்பனின் மடியில் ஏறி அந்தச் சிரிப்புக்குள் விரலை விடப் பார்த்தாள்.

"நல்லாய் மெலிஞ்சு போனியள்."

"பழகிடும்" என்றான் அவன். பையிலிருந்து நாலாக மடித்த ஒரு கடதாசித் துண்டை எடுத்து நீட்டினான். "டொக்டர் தந்தது. என்ன சாப்பிடக் கூடாதெண்டு இதிலை இருக்கு."

யோகாம்பிகை எஸ்.எஸ்.சி. வரை படித்தவள். எழுத்துக்கூட்டாமல் வாசித்தாள். அப்பிள் கடிக்கக் கூடாது. ரொபி சப்பக் கூடாது. ஐஸ் கட்டியைக் கடிக்கக் கூடாது. சரவணையில் அவை மூன்றும் கிடையாது. நண்டைப் பற்றியோ பனங்கிழங்கைப் பற்றியோ அதில் ஒரு சொல் இல்லை.

"உந்தத் துண்டு எழுதினவர் எந்த ஊர்?"

"அவர் சீமையிலை படிச்சவர்."

"அதுதான் பாத்தன்."

அன்றைக்கு மத்தியானம் தொடங்கியது வினை.

அவளுடைய தாய் அன்னபூரணம், மருமகன் வருகிறான் என்றால் இரண்டு நாளைக்கு முன்பே அடுப்புக்கு வேலை வைப்பவள். நீலக்கால் நண்டுக் குழம்பு, முருங்கைக்காய்ப் பால்கறி, பொரித்த சூடைமீன், மாட்டுக்கொம்பு மாதிரி வளைந்த மோர்மிளகாய்ப் பொரியல், ஒரு பிடி அப்பளம். மேசை நிறைந்துவிட்டது. அன்னபூரணம் மருமகனோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. அவளுடைய தாயும் அப்படித்தான் இருந்தாளாம். குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு மகளுக்குச் சொல்வாள். மகள் அவனுக்குச் சொல்ல வேண்டும். அவன் மூன்று முழத்துக்கு அப்பால் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாலும், செய்தி யோகாம்பிகையின் வாய் வழியாகத்தான் போக வேண்டும்.

"பிள்ளை, தம்பிக்கு நண்டுக்காலைப் போடு."

"நண்டுக்கால் வேணுமோ?"

"வேண்டாம், ஏலாது."

"வேண்டாமாம் அம்மா."

"அப்ப முருங்கைக்காயைப் போடு. நேத்துத்தான் பிடுங்கினது."

"முருங்கைக்காய்?"

"அது சப்ப வேணும், யோகம். தும்பு கம்பிக்குள்ளை போயிடும்."

"அதுவும் வேண்டாமாம்."

கதவுக்குப் பின்னால் கரண்டி ஒன்று 'டங்' என்று சட்டியில் விழுந்தது. அவன் சோற்றில் சொதியை ஊற்றிக் குழைத்து, மிட்டாய் சூப்புகிற பிள்ளை மாதிரிக் கன்னத்தை உப்பி, பத்து வாய் சாப்பிட்டுவிட்டு எழும்பினான். பிறகு கிணற்றடிக்குப் போய், எலிவால் மாதிரி இருந்த ஒரு சின்னப் பிரஷ்ஷால் அரைமணி நேரம் பல்லுத் தீட்டினான்.

அன்னபூரணத்துக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை. "நீ சும்மா கம்பி கம்பியெண்டாதை. தைப்பொங்கலுக்கு வந்தநேரம் ஐயா ஏதும் சுள்ளெண்டு கதைச்சவரோ? கோவம் இல்லாமல் ஒரு மனுசன் நண்டைத் தள்ளி வைப்பானே?"

"அம்மா, பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கு. அவருக்குக் கடிக்க ஏலாது."

"பல்லுக்குத்தானே கட்டினது? தொண்டைக்குக் கட்டேல்லையே?"

ஒரு பக்கத்தில் தாய். மற்றப் பக்கத்தில், வேலிக்கு அங்கால் இருந்த அன்னப்பிள்ளை அக்கா வேறு. கிடுகு வேலியில் கண் வைத்துப் பார்த்தாளோ, காது வைத்துக் கேட்டாளோ தெரியாது, பின்னேரமே குரல் கொடுத்தாள். "எடி யோகம், உன்ரை மனுசன் வாயுக்கு முள்ளுக்கம்பி வேலி அடைச்சுக்கொண்டு வந்திருக்கிறாராமே! ஆரோடை எல்லைச் சண்டை? உள்ளுக்கை வாறதைத் தடுக்கவோ, வெளியிலை போறதைத் தடுக்கவோ?"

"ரெண்டுக்குந்தான் அக்கா" என்றாள் யோகாம்பிகை, வாளியைக் கிணற்றுக்குள் வேண்டுமென்றே பலமாக விட்டபடி.

அடுத்த நாள் குசினியைத் தாயிடமிருந்து பறித்து, சமையலைத் தானே கையில் எடுத்தாள். காலையில் இடியப்பம் அவித்தாள். அது போதுமான அளவுக்கு மெத்தென்று இருக்கும் என்று நினைத்தாள். இடியப்பம் கம்பியில் நூல் மாதிரிச் சுற்றிக்கொண்டது. மத்தியானம் புட்டு. புட்டு மணிகள் தகடு தகடாகப் புகுந்து குடியிருந்துவிட்டன. மனுசன் மறுபடி எலிவாலோடு கிணற்றடிக்குப் போய்விட்டான். இரவுக்குச் சோற்றைக் குழைய விட்டாள். அன்னபூரணம் அகப்பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "உத்தியோகத்து மருமோனுக்குக் குழைசோறு போட்டனாங்களெண்டு ஊர் சிரிக்கட்டும் எண்டோ? அரிசி இல்லாத வீடே இது?"

"அம்மா, அவர் பசியோடை இருக்கிறார்."

"அப்ப சாப்பிடச் சொல்லு!"

மூன்றாம் நாள் காலை வதனிக்கு உழுத்தங்கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோதுதான் யோகாம்பிகைக்குப் பளீரென்று பட்டது. குழந்தைக்குப் பதினாறு பல்லு. இருந்தும் கடிக்காமல் கொழுகொழுவென்று வளர்கிறது. அப்படியென்றால் ஊரில் நல்ல சாப்பாடு என்பதெல்லாம் கடிக்கிற சாப்பாடு மட்டும் இல்லையே! அவள் பெரியபிள்ளையானபோது பதினெட்டு நாள் சாப்பிட்ட உழுத்தங்களி? தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் விட்டு, நல்லெண்ணெய் கண்ணீர் மாதிரிக் கசியக் கசியக் கிண்டியது. வதனியைப் பெற்றுவிட்டுக் கிடந்தபோது தாய் தந்த சரக்குக் கறி? மிளகும் மல்லியும் சீரகமும் அரைத்துப் பால்சுறாவைப் போட்டுக் காய்ச்சினால், மீனை நாக்கால் அமத்தினாலே போதும். கடிக்கத் தேவையில்லாத, உடம்பில் ஒட்டுகிற சாப்பாட்டையெல்லாம் இந்த ஊர் பெண்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. அதில் ஒரு பங்கை ஓர் ஆண்பிள்ளைக்குக் கொடுத்தால் வானமா இடிந்துவிடும்?

தாய் மத்தியானப் பூசைக்கென்று கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து உழுந்தை வறுத்தாள்.

குலசிங்கம் களியை முதலில் சந்தேகமாகப் பார்த்தான். ஒரு உருண்டையை வாயில் வைத்தான். கண்ணை மூடினான். கன்னத்தை உப்பவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. இரண்டாவது உருண்டை போனது, மூன்றாவதும் போனது. மத்தியானம் சுறாக் கறியையும் மசித்த மரவள்ளிக்கிழங்கையும் கோப்பை வழித்துச் சாப்பிட்டான்.

"இன்னும் கொஞ்சம் இருக்கோ, யோகம்?"

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவன் இரண்டாந்தரம் கேட்டுச் சாப்பிட்டதை அவள் அன்றைக்குத்தான் கண்டாள். சட்டியோடு கொண்டுவந்து பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்கை என்னத்தைத்தான் சாப்பிடுறனியள்? உண்மையைச் சொல்லுங்கோ."

"காலமை பாணைத் தேத்தண்ணியிலை தோய்ச்சு. மத்தியானம் கந்தோர்க் கன்ரீனிலை பருப்பும் சோறும். பருப்பு சில நாள் அவியாமல் இருக்கும்."

"இரவு?"

"வாழைப்பழம்."

"அறையிலை நாலு பேர் இருக்கினமெண்டீங்கள்? ஒருத்தரும் சமைக்கிறேல்லையோ?"

"சமைக்கினம். ஆட்டெலும்பு ரசம், நெத்தலிப் பொரியல். என்னைப் பாத்துப் பாவப்பட்டுக்கொண்டே கடிப்பினம்." அவன் சிரித்தான். பிறகு சட்டியைப் பார்த்தபடி மெல்லச் சொன்னான். "அஞ்சு மாசத்திலை இண்டைக்குத்தான் வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கு."

யோகாம்பிகை கதிரையை இன்னும் கிட்ட இழுத்தாள். இப்போது கேட்டுவிடலாம். வேறு ஒருவரும் இல்லை. வாயைத் திறந்தாள்.

"எடி பிள்ளை!" கோயிலிலிருந்து வந்த அன்னபூரணம் முற்றத்திலேயே நின்று மூக்கை உயர்த்தினாள். "ஆருக்கடி உழுந்து வறுத்தனி?"

சட்டியும் மருமகனும் ஒன்றாக அகப்பட்டுவிட்டார்கள். அன்னபூரணம் கதவுக்குப் பின்னால் போய் நின்று தலையில் கை வைத்தாள். "ஆம்பிளைக்குக் களி கிண்டிக் குடுத்த வீடு இந்தத் தீவிலையே இதொண்டுதான். நாளைக்கு அவரும் பெரியபிள்ளையாயிட்டாரெண்டு தண்ணி வாக்கிறதுக்கும் ஆளைக் கூப்பிடுவமோ?"

குலசிங்கம் இருமினான். யோகாம்பிகை சட்டியை எடுத்துக்கொண்டு போய் நங்கென்று கழுவினாள். மூன்று வருடமாகக் கேட்காத கேள்வியை இன்னும் எத்தனை நண்டும் உழுந்தும் வந்து மறிக்கப் போகின்றனவோ!

உழுந்து வறுத்த வாசம் சும்மா கிடக்கிற வாசமா? வேலியைக் கடந்து அன்னப்பிள்ளை அக்காவின் முற்றத்துக்குப் போயிற்று. பின்னால் சரக்குக் கறியின் மிளகு வாசமும் போயிற்று.

"என்ன யோகம், களி மணக்குது, சரக்குக் கறியும் மணக்குது. என்ன விசேசம்?"

மறுபடியும் முள்ளுக்கம்பிக் கதை கேட்க யோகாம்பிகைக்குத் தெம்பில்லை. "ஒண்டுமில்லை அக்கா, சும்மாதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அங்கேதான் பிழை வந்தது. அன்னப்பிள்ளை அக்கா கணக்கில் கெட்டிக்காரி. அந்த வீட்டில் பெரியபிள்ளையாகிற வயதில் ஆளில்லை. பிள்ளை பெற்றவளும் இல்லை. புருசன் லீவில் வந்திருக்கிறான். தைப்பொங்கலுக்கும் வந்து போனவன். கேட்டால் 'சும்மா' என்று வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே ஓடுகிறாள். மிச்சம் என்ன? அடுத்த பஸ்ஸில் குலசிங்கத்தின் தாய் இருக்கிற புளியங்கூடலுக்குப் போன ஒருத்தியிடம் அன்னப்பிள்ளை அக்கா செய்தியை ஏற்றிவிட்டாள்.

நாலாம் நாள் பின்னேரம் படலையடியில் வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவள் இலட்சுமிப்பிள்ளை. மூன்று கட்டை வழிக்குக் கார் பிடிக்கிற மனுசி அல்ல அவள். செத்த வீட்டுக்கே நடந்து போகிறவள். ஒரு கையில் ஓலைக் கடகம், மறு கையில் உமல் பை. முகம் முழுக்கச் சிரிப்பு.

"என்ரை ராசாத்தி!" வந்த வேகத்தில் இரண்டையும் கீழே வைத்துவிட்டு மருமகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சினாள். "எத்தினை மாதம்?"

"என்ன எத்தினை மாதம், மாமி?"

"எனக்கு ஒளிக்கிறாய் என்ன! களி கிண்டினதும் தெரியும், கறி காய்ச்சினதும் தெரியும். இந்தா, மாங்காய். இந்தா, எள்ளுருண்டை. இது பயத்தம் பணியாரம். புழுக்கொடியலும் கிடக்கு. வாய்க்கு உறைக்கச் சம்பலோடை சாப்பிடு. இந்தமுறை பெடியன்தான்."

யோகாம்பிகைக்கு எங்கே முகத்தை வைப்பதென்று தெரியவில்லை. இல்லை என்று சொன்னால் அந்தச் சிரிப்பு விழுந்துவிடும். சொல்லாவிட்டால் கடகம் காலியாகும் வரை போக விடமாட்டாள்.

"மாமி, அது எனக்குக் காய்ச்சேல்லை."

"அப்ப ஆருக்கு?"

விறாந்தையில் களிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த குலசிங்கம் எழும்பி நின்றான்.

இலட்சுமிப்பிள்ளை கோப்பையைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். வாய்க்குள் மின்னியதைப் பார்த்தாள். அவனுக்குக் கம்பி போட்டது அவளுக்குத் தெரியாது. பயப்படுவாள் என்று எழுதாமலே விட்டிருந்தான். சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. பிறகு குரல் மெல்ல மெல்ல ஏறியது.

"இதென்ன கோலமடா? நான் பெத்தது ஆம்பிளைப் பிள்ளையெண்டு இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன். மச்சாள்! எங்கை நிக்கிறீர் மச்சாள்? என்ரை பிள்ளைக்குச் சோறு போட ஏலாட்டில் சொல்லியிருக்கலாமே!"

கதவுக்குப் பின்னாலிருந்து அன்னபூரணம் வெளியே வந்தாள். "சோறோ? நண்டு, மீன், முருங்கைக்காய் எல்லாம் சமைச்சு வைச்சனான். உங்கடை பிள்ளை தொடேல்லை. நான் களி கிண்டச் சொன்னனானோ எண்டு என்ரை பிள்ளையைக் கேளுங்கோ!"

"கம்பி கட்டச் சொன்னது ஆர்?"

"அதையும் உங்கடை பிள்ளையைத்தான் கேக்க வேணும்!"

"அம்மா, மாமி, அது டொக்டர்..." என்று தொடங்கினான் குலசிங்கம். இரண்டு பேரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கண்டறியாத கம்பி! இவன் சின்னனிலை கரும்பைத் தோலோடை கடிச்சவன். அஞ்சு வயதிலை சிரட்டையைக் கடிச்சு உடைச்சவன். பல்லுக்கு வேலை குடாட்டில் பல்லு ஆடத்தானே செய்யும்?" இலட்சுமிப்பிள்ளை கடகத்துக்குள் கையை விட்டாள். புழுக்கொடியல் என்பது பனங்கிழங்கை அவித்து, வெயிலில் விறகு மாதிரிக் காயவைத்து எடுப்பது. கையால் முறித்தால் கை நோகும். விரல் நீளத் துண்டு ஒன்றை மகனின் முன்னால் நீட்டினாள். "இந்தா மோனை. கடி."

"வேண்டாம்" என்றாள் யோகாம்பிகை.

"அவனுக்கு விருப்பமானது. கொழும்புக்குப் போத்தல் போத்தலாய்க் குடுத்துவிட்டனான். கடி ராசா."

குலசிங்கம் தாயின் முகத்தைப் பார்த்தான். மூன்று கட்டை தூரம் கார் பிடித்து, பேரப்பிள்ளை என்று நம்பி வந்து, ஏமாந்து நிற்கிற முகம். இனி அந்த மனுசன் என்ன சொல்வான்?

"ஓம் அம்மா" என்றான்.

'டக்' என்று ஒரு சத்தம். புழுக்கொடியல் உடைந்த சத்தமில்லை. அவன் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான். விரல் இடுக்கால் இரத்தம் கசிந்தது. கையை எடுத்தபோது கம்பியின் ஒரு முனை தகட்டை விட்டுக் கழன்று கன்னத்துக்குள் குத்திக்கொண்டு நின்றது.

"ஐயோ, என்ரை பிள்ளை!" என்று இலட்சுமிப்பிள்ளை நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அன்னபூரணம் மூன்று வருடத்து வழக்கத்தை மறந்து மருமகனின் முன்னால் போய் நின்றாள். "தம்பி, வாயைத் திறவுங்கோ பாப்பம். பஞ்சு கொண்டு வாடி! உப்புத் தண்ணி கொண்டு வாடி!"

யோகாம்பிகை பஞ்சும் கொண்டுவந்தாள், தண்ணீரும் கொண்டுவந்தாள். கம்பி முனையில் பஞ்சைச் சுற்றிக் கன்னத்தை விட்டு விலக்கி வைத்தாள். அவளுக்கு வந்தது அழுகை அல்ல, ஆத்திரம். தாயில், மாமியில், அன்னப்பிள்ளை அக்காவில், சீமையில் படித்த அந்த டொக்டரில், எல்லாருக்கும் மேலாக 'ஓம்' என்று சொன்ன இந்த வாயில்.

"கூடாதெண்டு தெரியாதே உங்களுக்கு?"

"துண்டிலை புழுக்கொடியல் எண்டு போடேல்லை" என்றான் அவன், பஞ்சுக்குள்ளால்.

கம்பி பூட்டிய டொக்டரிடம்தான் திரும்பவும் போக வேண்டும். இப்படியே விட்டால் ஐந்து மாதம் இழுத்ததெல்லாம் வீண் என்று அவன் சொன்னான். நாளைக்குக் காலை ரயில். பத்து நாள் லீவில் ஆறு நாள் அந்த ஒரு புழுக்கொடியல் துண்டோடு போயிற்று.

செய்தி கேட்டு அப்புத்துரை தோட்டத்திலிருந்து மண்வெட்டியோடு வந்தார். மருமகனின் வாயை எட்டிப் பார்த்தார், கடகத்தைப் பார்த்தார், இரண்டு மாமிமாரையும் பார்த்தார். மண்வெட்டியைச் சாத்தி வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். விறாந்தையில் சபை கூடிவிட்டது. சண்டை போட்ட இருவரும் குற்ற உணர்வால் இப்போது ஒரே கட்சி.

"உழுத்தம்மாவை வறுத்துக் கட்டிக் குடுப்பம்" என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

"ஆர் கிண்டுறது? அந்தப் பெடியளோ? கட்டி கட்டியாய்ப் போகும்" என்றாள் அன்னபூரணம். "ஆரேன் ஒரு பொம்பிளை கிட்ட நிண்டு பாக்க வேணும். தம்பி எலும்பாய்ப் போனார்."

"அப்ப ஒண்டு செய்வம் மச்சாள். யோகத்தை ஒரு ரெண்டு மாசத்துக்கு அனுப்பி விடுங்கோவன். கம்பியும் ஒரு நிலைக்கு வந்திடும். பிள்ளை உடம்பு தேறினவுடனை திரும்பி வரட்டும்."

அன்னபூரணம் கணவனைப் பார்த்தாள். அப்புத்துரை தாடையைச் சொறிந்தார். தான் கொடுத்த சொல்லுக்கும் மருமகனின் கன்னத்துக்கும் நடுவே ஒரு வழியைத் தேடினார், தேடி எடுத்தார்.

"சமைச்சுக் குடுக்கிறதுக்கெண்டால் பரவாயில்லை. ரெண்டு மாசமெண்டால் ரெண்டு மாசம். கம்பி கழட்டும்வரைக்கும் இடைக்கிடை போய் வரலாம். கழட்டினாப் பிறகு அவள் இஞ்சைதானே. என்ன தம்பி?"

"ஓம் மாமா" என்றான் குலசிங்கம்.

"என்ன பிள்ளை, போறியே?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தி எல்லார் முகத்திலும். யோகாம்பிகை தூணோடு நின்றாள். கையில் இரத்தப் பஞ்சு. மூன்று வருடமாகத் தவம் கிடந்த வரம் மேசையில் வந்து கிடக்கிறது. 'ஓம் ஐயா' என்று ஒரு சொல் சொன்னால் போதும், நாளைக்கு ரயிலில் ஏறிவிடலாம். சொல்லியும் இருப்பாள். ஆனால் ஆட்டுக்கல்லை அயலுக்கு இரவல் கொடுக்கிற மாதிரி அல்லவா பேசுகிறார்கள்! மாவரைத்து முடிந்ததும் கழுவிக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டுமாம். கம்பி இருக்கும்வரைக்கும் அவள் பெண்சாதி. கம்பி கழன்றால் மறுபடியும் கிழமைக்கு ஒரு கடிதம், வேறு விசேடம் இல்லை. இன்றைக்குத் தலையாட்டினால், இரண்டு வருடத்துக்குப் பிறகு எந்த வாயால் கேட்பது?

"இல்லை ஐயா" என்றாள்.

"என்னடி இல்லை?" என்றாள் அன்னபூரணம். "நீதானே களி களியெண்டு நிண்டனி?"

"சமைக்கிறதுக்கெண்டு நான் போகேல்லை."

"அப்ப அவன் பட்டினி கிடக்கட்டும் எண்டோ?" என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

யோகாம்பிகை தூணை விட்டு வந்தாள். தகப்பனுக்கும் தாய்க்கும் மாமிக்கும் நடுவே நடந்து போய்க் குலசிங்கத்தின் கதிரைக்கு முன்னால் நின்றாள். அவன் கன்னத்தைப் பொத்திய கையோடு அண்ணாந்து பார்த்தான். அவளுடைய குரல், அவளே எதிர்பாராத அளவுக்கு, வேலிக்கு அங்கால் அன்னப்பிள்ளை அக்காவுக்கும் கேட்கும்படி வந்தது.

"இஞ்சை பாருங்கோ. உங்களைத்தான் கேக்கிறன், வேற ஒருத்தரையும் இல்லை. உந்தக் கம்பிக்காக என்னைக் கூப்பிடாதையுங்கோ. கம்பி இருந்தாலென்ன, கழண்டாலென்ன, நீங்கள் இருக்கிற இடத்திலை எனக்கு இருக்க வேணும். என்னையும் பிள்ளையையும் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."